புதிய டைனோசர் உருவம் அறிவிக்கப்பட்டதும்: முன்பதிவா, காத்திருப்பா, பழைய வார்ப்பா?

டைனோசர் உருவங்களைச் சேகரிப்பவர்களுக்கு ஆண்டின் கடைசி மாதங்கள் பரபரப்பானவை. சஃபாரி, கலெக்டா போன்ற நிறுவனங்கள் அடுத்த ஆண்டு விற்பனைக்கு வரவிருக்கும் உருவங்களை அந்தச் சமயத்தில்தான் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டத் தொடங்குகின்றன. பாப்போ, ஷ்லைக் ஆகிய ஐரோப்பிய நிறுவனங்களின் புதிய வரவுகள், ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ நடக்கும் பொம்மைக் கண்காட்சியை ஒட்டிப் பேச்சுக்கு வருகின்றன. பி.என்.எஸ்.ஓ., ஹாவ்லாங்குட் ஆகிய சீன நிறுவனங்கள் மாதம் பார்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் அவ்வப்போது அறிவிக்கின்றன. அறிவிப்பு வந்த சில மணி நேரத்திலேயே, இந்த ஆண்டின் மிகச் சிறந்த உருவம் இதுதான் என்று ஒரு தரப்பும், தலை பெரிதாக இருக்கிறது, வண்ணம் எடுபடவில்லை, இன்னொரு டைரனோசாரஸ் யாருக்கு வேண்டும் என்று மறுதரப்பும் பேசத் தொடங்கிவிடுகின்றன.

அந்தப் பேச்சுக்கு நடுவில், வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு. அவர்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: உடனே முன்பதிவு செய்வது, விற்பனைக்கு வந்து, வாங்கியவர்கள் எடுத்த படங்களைப் பார்த்தபின் வாங்குவது, அதே விலங்குக்கு ஏற்கனவே இருக்கும் பழைய வார்ப்பைத் தேடிப் பிடிப்பது, பலரிடம் முன்பணம் திரட்டி உருவம் செய்யும் கூட்டுநிதித் திட்டத்தில் பணம் போடுவது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிவிப்புப் படத்தில் இருப்பது பெரும்பாலும் கையால் வண்ணம் பூசிய முன்மாதிரி. நம் வீட்டுக்கு வருவது ஆலையில் வார்த்து, ஆலையிலேயே வண்ணம் பூசிய பிரதி. இவ்விரண்டுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு இருக்கும், அந்தப் பிரதி எத்தனை ஆண்டு கடையில் கிடைக்கும் என்பவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன. ஆகவே படத்தின் அழகைப் பார்த்து முடிவெடுப்பதைவிட, அந்த நிறுவனத்தின் வழக்கத்தைப் பார்த்து முடிவெடுப்பதே நல்லது.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது உடலமைப்பு. தலைக்கும் உடலுக்கும் உள்ள விகிதம், கால்களின் நீளம், வால் தரையில் படாமல் நிற்கிறதா, ஊனுண்ணியின் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கின்றனவா அல்லது தரையைப் பார்க்கின்றனவா என்பவை அனைத்தும் வார்ப்பிலேயே தீர்மானிக்கப்படுபவை. அறிவிப்புக்குப் பிறகு அவை மாறுவது அரிது. எனவே உடலமைப்பை முதல் நாளிலேயே எடைபோட்டுவிடலாம்.

வண்ணம் அப்படியல்ல. முன்மாதிரிக்கு வண்ணம் பூசுபவர் ஒரே கலைஞர். அவர் கண்ணுக்கு மூன்று அடுக்கு வண்ணம் வைப்பார், பல்லை ஒவ்வொன்றாகத் தீட்டுவார், முதுகுக் கோடுகளைத் தோலின் மடிப்போடு இழைப்பார். ஆலையில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பிரதிகள் கைமாறிப் போகின்றன. அங்கே பல்வரிசையின் மீது வெள்ளை வண்ணம் பட்டையாக விழுந்து ஈறுவரை வழிவதும், ஒரு கண்ணின் கருமணி மேலேயும் மறு கண்ணினது பக்கவாட்டிலும் அமைவதும் நடக்கத்தான் செய்யும். கோடுகளின் விளிம்பு முன்மாதிரியில் மெல்ல மங்கி மறையும். பிரதியில் கத்தரித்ததுபோல் நின்றுவிடும்.

மூன்றாவது அளவு. வெற்றுப் பின்னணியில் எடுத்த படத்தை வைத்து எவராலும் அளவைச் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். சுமார் 12 மீட்டர் நீளமுள்ள டைரனோசாரஸ் 1:40 விகிதத்தில், அதாவது உண்மை நீளத்தில் நாற்பதில் ஒரு பங்காக, 30 சென்டிமீட்டரும், 1:35 விகிதத்தில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டரும் வரும். நான்கு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து வளர்வதால், 1:35 உருவத்தின் பருமன் 1:40 உருவத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. அலமாரியில் பக்கத்தில் வைத்ததும் இந்த வேறுபாடு கண்ணை உறுத்தும்.

நான்காவது, பொருள் கைக்கு வந்து சேரும்போது ஆகியிருக்கும் மொத்தச் செலவு. கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்கின்றன. 35 × 20 × 15 அளவுள்ள பெட்டிக்கு அது 2.1 கிலோ; உள்ளே இருக்கும் உருவம் அரைக் கிலோவாக இருந்தாலும் கட்டணம் 2.1 கிலோவுக்குத்தான். அதற்கு மேல் சுங்கம். இந்தியாவில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரியிலிருந்து தரச்சான்றும் கட்டாயம். இறக்குமதி செய்து விற்கும் கடைக்காரர் இவ்வளவையும் விலையில் சேர்த்தாக வேண்டும். தனியாள் பெயருக்கு வரும் பார்சலும் வரியிலிருந்து தப்புவதில்லை. அதனால் வெளிநாட்டு விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்து, இது மலிவு என்று முடிவு கட்டுவது தவறான கணக்கு.

மீதமுள்ளவை இரண்டு. உருவம் எத்தனை காலம் கையிருப்பில் இருக்கும் என்பது ஒன்று. அந்த விலங்கைப் பற்றிய அறிவியல் எவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவதை விரிவாகப் பேச வேண்டியிருப்பதால் பின்னால் தனியாக வருகிறேன்.

## முதல் நாள் எதிர்வினைகளில் எதைக் கேட்பது

பிறர் சொல்வதை அடியோடு ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். அனுபவமுள்ள சேகரிப்பாளர்களின் கண் கூர்மையானது. மண்டையோட்டின் துளைகள் தோலுக்கு மேல் குழிகளாகத் தெரிகின்றன, தோள்பட்டை எலும்பு முன்னே தள்ளியிருக்கிறது, யானையின் பாதத்தை நெட்டைக்கழுத்து விலங்குக்கு ஒட்டிவிட்டார்கள் என்பன போன்ற உடலமைப்புக் குறைகளைப் பற்றி ஒருவர் எலும்புச் சான்றோடு பேசினால், அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பிரதியிலும் அந்தக் குறை இருக்கும்.

வண்ணத்தைப் பற்றிய புகழ்ச்சியையும் இகழ்ச்சியையும் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். படத்தில் மந்தமாகத் தெரிந்த பழுப்பு நிறம் நேரில் பல சாயல்கள் கலந்து உயிரோடு இருப்பதும், படத்தில் மின்னிய நிறம் நேரில் பிளாஸ்டிக்கின் பளபளப்பாக இருப்பதும் வழக்கம். அளவைப் பற்றிய ஊகங்களை, நிறுவனம் சென்டிமீட்டரில் அறிவிக்கும்வரை கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

இன்னொரு வகை எதிர்வினை விலங்கின் தேர்வைப் பற்றியது. எத்தனையாவது டைரனோசாரஸ் இது என்ற அலுப்பு எனக்கும் புரிகிறது. ஆனால் சிறிய நிறுவனங்கள் பலருக்கும் தெரியாத விலங்குகளை வெளியிட முடிவதற்கு, டைரனோசாரஸும் ட்ரைசெராடாப்ஸும் விற்றுத் தரும் பணமே காரணம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அலுப்பு வாங்காமல் இருக்கப் போதுமான காரணம். உருவம் மோசம் என்பதற்கு அது சான்றாகாது.

## வழி ஒன்று: அறிவித்த உடனே முன்பதிவு

முன்பதிவின் உண்மையான பயன் விலையைவிடக் கிடைப்பதில்தான் இருக்கிறது. குறைந்த எண்ணிக்கையில் வார்த்து, விற்றுத் தீர்ந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விடும் நிறுவனங்களிடம் தாமதித்தால் இரண்டாம் கை விற்பனையாளரிடம் கூடுதல் பணம் கொடுக்க நேரும். பீஜிங்கைச் சேர்ந்த பி.என்.எஸ்.ஓ. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓவியர் சாவ் சுவாங், எழுத்தாளர் யாங் யாங் ஆகியோரின் முயற்சியில் உருவான இந்த நிறுவனம் ஒவ்வொரு உருவத்துக்கும் மனிதருக்கு வைப்பதுபோல் பெயர் வைக்கிறது. டைரனோசாரஸுக்கு வில்சன், ஸ்பைனோசாரஸுக்கு எஸியன். இங்கே அறிவிப்புக்கும் விற்பனைக்கும் இடைவெளி மிகக் குறைவு. பல வேளைகளில் ஆலைப் பிரதியின் படமே அறிவிப்பாக வருகிறது. முன்மாதிரிக்கும் பிரதிக்கும் இடையிலான ஆபத்து குறைவாக இருப்பதால், இவர்களிடம் முன்கூட்டி வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு. முன்பதிவுக்கு முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கும் கடைகள் இருக்கின்றன. வெளியீடு தள்ளிப்போனால் அந்தப் பணம் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பொருள் வரும் நாளில் டாலரின் மதிப்பும் கூரியர் கட்டணமும் ஏறியிருக்கலாம். குறையுள்ள பிரதி வந்தால், வெளிநாட்டுக் கடைக்குத் திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையைத் தொட்டுவிடும் என்பதால், பெரும்பாலோர் அதை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். முன்பதிவு செய்யும்போது பிரதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நாம் விட்டுக்கொடுக்கிறோம். வண்ணத் தரம் பிரதிக்குப் பிரதி மாறும் நிறுவனமாக இருந்தால் அது சிறிய இழப்பல்ல.

வேறெந்த நிறுவனமும் தொடாத விலங்கு அறிவிக்கப்பட்டால் முன்பதிவு சரியான வழி. டெய்னோகைரஸ் அப்படிப்பட்ட விலங்காக இருந்தது. 1965இல் மங்கோலியாவில் ராட்சதக் கைகள் மட்டும் கிடைத்து, ஏறத்தாழ அரை நூற்றாண்டு மர்மமாகவே இருந்த அதன் முழு உருவம், முதுகுத் திமிலோடும் வாத்து போன்ற அலகோடும், 2014இல்தான் வெளிப்பட்டது. அதற்குப் பிறகு கலெக்டா அதை உருவமாக்கியது. மாற்று எதுவுமே இல்லாதபோது ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில் பொருள் இல்லை.

## வழி இரண்டு: விற்பனைக்கு வந்தபின் வாங்குவது

பெரும்பாலான அறிவிப்புகளுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். சஃபாரி, கலெக்டா, ஷ்லைக், பாப்போ ஆகியவற்றின் உருவங்கள் பொதுவாக ஆண்டுக்கணக்கில் பட்டியலில் இருப்பவை. அறிவிப்பிலிருந்து ஆறு மாதமோ ஓராண்டோ தாமதித்து வாங்குபவர் பெரும்பாலும் இழப்பது ஒன்றுமில்லை. மாறாக, வாங்கியவர்கள் பகல் வெளிச்சத்தில் கையில் பிடித்து எடுத்த படங்கள் அவருக்குக் கிடைக்கும்.

அந்தப் படங்களில் நான் முதலில் பார்ப்பது பாதம். இருகாலி ஊனுண்ணியின் முழு எடையும் இரண்டு மெல்லிய கணுக்கால்களில் நிற்கிறது. இந்த உருவங்களை வார்க்கும் பிவிசி பிளாஸ்டிக் சூட்டில் இளகும் பொருள். கப்பலிலும் கிடங்கிலும் வெயிலில் கிடந்த பெட்டிக்குள் கால் ஓரிரு பாகை முன்னே சாய்ந்தாலும் உருவம் மூக்கடியாக விழும். கூர்ந்து பார்த்தால் நடுவிரலின் நுனி தரையிலிருந்து மேலே எழும்பியிருப்பது தெரியும். அதுவே சாய்வின் முதல் அறிகுறி. வீட்டில் இதைச் சரிசெய்ய முடியும். சுடுநீரில் கணுக்காலை ஓரிரு நிமிடம் அமிழ்த்தி, இளகியதும் சரியான கோணத்தில் பிடித்து, உடனே பனிக்கட்டி நீரில் வைத்தால் அந்த நிலையிலேயே இறுகிவிடும். ஆனால் கோடையில் அறையே சூடாக இருக்கும் ஊர்களில் அது மீண்டும் சாயக்கூடும். பி.என்.எஸ்.ஓ. இருகாலிகளோடு ஒளிபுகும் தாங்குகோல் ஒன்றைக் கொடுப்பது இதற்காகத்தான். ஷ்லைக்கின் உருவங்களில் பெருத்த பாதங்களைக் கண்டு சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பதுண்டு. விழாமல் நிற்க வேண்டும் என்ற தேவைக்கு அந்த நிறுவனம் கொடுத்த விலை அது. குழந்தை விளையாடும் பொம்மைக்கு அந்த விலை நியாயமானதே.

காத்திருப்பிலும் இழப்பு உண்டு. முதல் வார்ப்புத் தொகுதியைவிடப் பிந்தைய தொகுதிகளில் வண்ண அடுக்குகள் குறைந்துவிடும் வழக்கம் சில வரிசைகளில் இருக்கிறது. சில்லறைக் கடை ஒரு தொகுதியை மட்டும் வரவழைத்துவிட்டு, மறுபடி வரவழைக்காமலே போகலாம். அப்போது உருவம் நிறுவனத்தின் பட்டியலில் இருந்தும் நம் ஊரில் கிடைக்காது.

ஹாவ்லாங்குட் இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில் நிற்கிறது. குறைந்த விலையில், 1:35 விகிதத்தில், துல்லியமான உருவங்களை அடுத்தடுத்து வெளியிட்டுச் சில ஆண்டுகளிலேயே பெயர் வாங்கிவிட்ட நிறுவனம் அது. ஒரே வார்ப்பை இரண்டு வண்ணங்களில் தருவது அதன் வழக்கம். அறிவிப்புப் படத்தில் பிடித்த வண்ணமே நேரிலும் பிடிக்கும் என்று சொல்ல முடியாததால், இரண்டில் எது என்று தடுமாறுபவர்கள் கைப்படங்கள் வரும்வரை பொறுப்பது நல்லது. வார்ப்பு பிடித்துவிட்டது, வண்ணம் எதுவானாலும் சரி என்பவர்கள் முன்பே வாங்கிவிடலாம்.

## வழி மூன்று: அதே விலங்கின் பழைய வார்ப்பு

புதியது அறிவிக்கப்பட்டதும் பழையதை மறந்துவிடுவது சேகரிப்பாளர்களிடம் பரவலாகக் காணப்படும் பழக்கம். ஆனால் பழையவற்றில் சில இன்றும் தலைநிமிர்ந்து நிற்கின்றன. பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துடன் இணைந்து சஃபாரி 1988இல் தொடங்கி 2015இல் நிறுத்திய கார்னெகி வரிசை, சிற்பி ஃபாரஸ்ட் ரோஜர்ஸின் கையால் வடிவெடுத்தது. பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்காக 1994இல் பாட்டட் நிறுவனம் வெளியிட்ட வரிசையைத் தங்கள் சேகரிப்பின் மகுடமாக வைத்திருப்போர் பலர். 1970களில் பிரிட்டிஷ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக இன்விக்டா செய்த ஒற்றை நிற உருவங்கள், அவை வெளியான காலத்து அறிவியலின் ஆவணங்கள்.

இவ்வழியில் செலவுகள் மறைந்திருக்கும் இடங்கள் அதிகம். பழைய மென்பிளாஸ்டிக்கிலிருந்து, அதை மென்மையாக்கச் சேர்த்த இளக்கிப் பொருள் கசிந்து மேற்பரப்பு பிசுபிசுப்பாகும். விற்பனைப் படத்தில் அது பளபளப்பாகத் தெரியுமே தவிரப் பிசுபிசுப்பாகத் தெரியாது. இப்படிப்பட்ட உருவத்தைத் தெர்மாகோல் மீது வைத்தால் அந்த இடம் உருகிக் குழிந்துவிடும். கொம்பு, வால்நுனி, முதுகு முட்கள் ஆகிய இடங்களில் வண்ணம் தேய்ந்திருக்கும். கார்னெகி உருவங்களில் ஒரே விலங்கு வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு வண்ணங்களில் வந்திருப்பதால், எந்தப் பதிப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் அனுப்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரிதென்று நம்பி உயர்ந்த விலை கொடுத்த வார்ப்பு மீண்டும் ஆலைக்குப் போகக்கூடும். பாட்டட்டின் பழைய வார்ப்புகள் பலவற்றுக்கு அதுவே நடந்தது. டெர்ரா என்ற பெயரில் அவை அமெரிக்கக் கடைகளுக்குச் சாதாரணப் பொம்மை விலையில் திரும்பி வந்தன.

இன்னும் விற்பனையில் இருக்கும் பழைய வார்ப்பு என்றால் நிலைமை வேறு. அங்கே மேற்சொன்ன ஆபத்துகள் எதுவும் இல்லை. புதியது வரும்போது கடைகள் பழையதன் விலையைக் குறைப்பதும் உண்டு. பாப்போவின் 2005ஆம் ஆண்டு டைரனோசாரஸ், ஹாலிவுட் பார்த்துப் பழக்கிய தோற்றத்தில் செதுக்கப்பட்டது. அறிவியல் துல்லியம் தேடுபவருக்கு அது ஒத்துவராது. தோலின் சுருக்கங்களையும் தாடையின் தசைகளையும் ரசிப்பவருக்கு அதற்கு மாற்றாகப் புதிது எதுவும் தேவைப்படாது.

## வழி நான்கு: கூட்டுநிதி

டேவிட் சில்வாவின் பீஸ்ட்ஸ் ஆஃப் தி மீசோசோயிக் வரிசை 2016இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதி இணையதளம் வழியே தொடங்கியது. 1:6 விகிதத்தில் மூட்டுகள் அசையும் ராப்டர்கள் முதலிலும், 1:18 விகிதத்தில் கொம்பு டைனோசர்கள் அடுத்தும் வந்தன. பெருநிறுவனங்கள் துணியாத ஒன்றை ஒரு சிற்பி செய்து காட்டியதற்கு இந்த முறையே காரணம். ஆனால் இங்கே பணம் போடுவது பொருளை வாங்குவதாகாது. ஒரு முயற்சிக்குத் துணை நிற்பது. தாமதம் ஓராண்டைத் தாண்டினாலும், வடிவம் இடையில் மாறினாலும் கேள்வி கேட்க இடமில்லை. அனுப்பும் கட்டணம் பெரும்பாலும் பின்னால் தனியாகக் கேட்கப்படும். அந்த முயற்சி வெற்றி பெற வேண்டும் என்ற ஆசை உண்மையாகவே இருப்பவர்களுக்கும், ஒன்றிரண்டு ஆண்டுகள் அந்தப் பணத்தை மறந்திருக்க முடிந்தவர்களுக்கும் மட்டுமே இது பொருந்தும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முன்பதிவு | காத்திருந்து வாங்குதல் | பழைய வார்ப்பு | கூட்டுநிதி |
|---|---|---|---|---|
| உடலமைப்பை அறிதல் | படத்திலேயே தெரியும் | முழுமையாகத் தெரியும் | முழுமையாகத் தெரியும் | இடையில் மாறலாம் |
| வண்ணத் தரம் | ஊகம்தான் | கைப்படங்களில் தெரியும் | தேய்மானத்தைக் கேட்டறிய வேண்டும் | ஊகம்தான் |
| கிடைக்காமல் போகும் ஆபத்து | மிகக் குறைவு | நிறுவனத்தைப் பொறுத்தது | அதிகம் | திட்டம் தோற்றால் உண்டு |
| மறைந்த செலவு | பணம் முடங்குதல், திருப்பி அனுப்புதல் | இரண்டாம் கை விலையேற்றம் | பிசுபிசுப்பு, மறுவெளியீட்டால் விலைச்சரிவு | பிந்தைய அனுப்புக் கட்டணம், தாமதம் |
| எப்போது நல்லது | மாற்றே இல்லாத விலங்கு, சிறிய தொகுதி | பெரிய நிறுவனங்களின் வழக்கமான வெளியீடு | வரலாற்று மதிப்பு, அல்லது இன்னும் விற்பனையில் உள்ளது | வேறு எவரும் செய்யத் துணியாதது |

## அறிவியல் நகரும் வேகம்

முடிவெடுக்கும்போது பலர் எண்ணிப் பார்க்காத அளவுகோல் இது. துல்லியத்துக்காகவே வாங்குகிறவர் என்றால், எந்த விலங்கின் உருவம் உறுதியாகத் தெரியும், எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பைனோசாரஸின் கதை இதற்குப் போதும். எகிப்தில் கிடைத்த எலும்புகளை வைத்து எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1915இல் அதற்குப் பெயரிட்டார். அந்த எலும்புகள் 1944இல் மியூனிக் நகரின் மீது நடந்த குண்டுவீச்சில் அழிந்தன. 2014இல் வந்த ஆய்வு அதன் பின்னங்கால்கள் மிகக் குட்டையானவை என்றது. பெரிய பின்னங்கால்களோடு அதுவரை வந்த உருவங்கள் எல்லாம் ஒரே நாளில் பழையவையாகிவிட்டன. புதிய ஆய்வின்படி திருத்திய உருவங்களை நிறுவனங்கள் வெளியிட்டுக்கொண்டிருந்தபோதே, 2020 ஏப்ரலில் துடுப்பு போன்ற அகன்ற வால் வெளிப்பட்டது. திருத்தியவையும் பழையவையாயின. பி.என்.எஸ்.ஓ.வின் எஸியன் அந்த வாலோடு வந்தது. 2019இல் அவசரப்பட்டு வாங்கியவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இத்தகைய விலங்குக்குப் பொறுத்திருப்பதால் வரும் பயன், எலும்புக்கூடு முழுமையாகக் கிடைத்த விலங்குக்கு இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகம்.

டைரனோசாரஸுக்கும் இதே நிலை நேர்ந்தது. 2012இல் சீனாவிலிருந்து யூடைரானஸ் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 9 மீட்டர் நீளமுள்ள அந்த டைரனோசார் இன விலங்கின் உடலில் இறகுகள் இருந்தன. அந்த அலையில் சஃபாரி 2017இல் இறகு போர்த்திய டைரனோசாரஸ் ஒன்றை வெளியிட்டது. சிற்ப வகையில் அது மிகச் சிறந்த வேலை. அதே ஆண்டு ஜூன் மாதம், டைரனோசாரஸின் கழுத்து, இடுப்பு, வால் ஆகிய இடங்களில் கிடைத்த தோல் பதிவுகள் செதில்களையே காட்டுகின்றன என்றும், இறகு இருந்திருந்தால் முதுகோடு நின்றிருக்கலாம் என்றும் ஆய்வுக் கட்டுரை வந்தது. அந்த உருவத்தை வைத்திருப்பவர்கள் அதை விற்க வேண்டியதில்லை. 2017 வரை அறிவியல் எங்கே நின்றது என்பதை அது நேர்மையாகக் காட்டுகிறது. துல்லியம் ஒன்றையே நாடுபவர் மட்டும் இத்தகைய அறிவிப்பில் நிதானமாக இருக்க வேண்டும்.

துண்டு எலும்புகளை மட்டும் வைத்து அறியப்படும் விலங்குகளுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும். தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர்கள் அனைவரும் ஒருநாள் அலமாரியில் வைக்க விரும்பும் பிருஹத்காயோசாரஸ் இந்த வகையைச் சேர்ந்தது. ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்த அந்த எலும்புகள் அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்தவை. அவை பின்னர் சிதைந்துபோய்விட்டன. உலகின் மிகப் பெரிய நிலவாழ் விலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு எந்த நிறுவனம் உருவம் செய்தாலும் கழுத்து, வால், தலை மூன்றும் டைட்டனோசார்கள் எனப்படும் வேறு நெட்டைக்கழுத்து விலங்குகளிடமிருந்து கடன் வாங்கியவையாகவே இருக்கும். அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் நான் முன்பதிவு செய்வேன். மண்ணின் மீதுள்ள பற்றினால் செய்வேனே தவிர, துல்லியத்தை எதிர்பார்த்து அல்ல.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டிய இன்னொரு பட்டியல்

குழந்தைக்காக வாங்குபவர்கள், கொம்பும் முள்ளும் கூராக இருக்கும் காட்சி உருவங்களை விட்டுவிட்டு, பெட்டியில் வயது வரம்பு அச்சிட்ட பொம்மை வரிசைகளைப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு முன்பதிவு தேவையே இல்லை. நெட்டைக்கழுத்து விலங்கு வாங்குபவர்கள் அலமாரியை அளந்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். சுமார் 26 மீட்டர் நீளமுள்ள டிப்லோடோகஸ் 1:40 விகிதத்தில் 65 சென்டிமீட்டர் வரும், அதை அனுப்பும் பெட்டியின் அளவை வைத்துக் கூரியர் கணக்கிடும் எடைக்கான கட்டணம் உருவத்தின் விலையையே விழுங்கிவிடும்.

புதிய உருவங்கள் அறிவிக்கப்படும் அதே பருவத்தில்தான் தயாரிப்பு நிறுத்தப்படும் உருவங்களும் அமைதியாகப் பட்டியலிலிருந்து நீங்குகின்றன. அவற்றைப் பற்றி அறிவிப்புக் கொண்டாட்டம் எதுவும் இருப்பதில்லை. எனவே புதிய அறிவிப்பைப் பார்த்ததும் பணத்தை அனுப்பாமல், அந்த நிறுவனத்தின் சென்ற ஆண்டுப் பட்டியலையும் இந்த ஆண்டுப் பட்டியலையும் அருகருகே வைத்து, எவை காணாமல் போயிருக்கின்றன என்று பார்ப்பது நல்லது. வாங்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணித் தள்ளிப்போட்ட உருவம் அவற்றில் இருந்தால், இந்த மாதப் பணத்தை அதற்குக் கொடுங்கள். புதிதாக அறிவிக்கப்பட்ட உருவம் கடைக்கு வரவே இன்னும் பல மாதங்கள் ஆகும். அதற்குள் கைப்படங்களும் சரியான அளவும் தெரிந்துவிடும்.